ஆட்டம் வேறு, ஒளிபரப்பு வேறு

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை முன் அறைவரை வந்துவிட்டது. சென்ற கிழமை நீ தொலைபேசியில் பேசியபோது, இந்தச் சாட்டோடு அப்பாவின் அலுமாரியில் இருக்கும் வீடியோ கசெட்டுகளையும் கழித்துவிடுங்கள், அந்த ஆட்டங்களெல்லாம் இப்போது இணையத்தில் தெளிவாகவே கிடைக்கின்றன என்று சொன்னாய். அன்றே மறுமொழி சொல்லியிருப்பேன். ஆனால் ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விடயம் என்பதால் எழுதுகிறேன். அவற்றை நான் கழிக்கப் போவதில்லை. அவற்றைக் காப்பாற்றுவதற்கு உன் உதவியையும் கேட்கிறேன்.

இணையத்தில் நீ பார்ப்பது ஆட்டம். எங்கள் அலுமாரியில் இருப்பது, அந்த ஆட்டம் ஒரு குறிப்பிட்ட மாலையில் இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதன் பதிவு. 1982 பெப்ரவரி 15 இல் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது; அதற்கு இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 17 இல், கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது. அந்தப் போட்டியில் நாங்கள் தோற்றோம். இரண்டாவது இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுக்கு 167 என்று நின்ற அணி 175 இல் சுருண்டதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆனாலும் பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க இலங்கையின் முதலாவது டெஸ்ட் அரைச்சதத்தை அடித்தது அங்கேதான். ரூபவாஹினியும் நாட்டின் டெஸ்ட் கிரிக்கெட்டும் ஒரே கிழமையில் பிறந்தவை என்பதால், ஒன்றின் கதையை மற்றதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்று நான் நம்புகிறேன்.

ஒளிபரப்பு எங்களை வந்தடைந்த விதமும் அந்தக் கதையில் ஒரு பகுதிதான். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை உச்சியிலிருந்து புறப்படும் அலை, மலைகளையும் காடுகளையும் தாண்டி, நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் எங்கள் உவர்மலை வீட்டுக் கூரையைத் தேடி வர வேண்டியிருந்தது. அப்பா அன்ரனாவைத் தெற்கே திருப்பிக் கட்டிவிட்டு, கூரையில் நின்றபடி "இப்ப எப்பிடி?" என்று கேட்பார், நான் யன்னலருகே நின்று, படத்தில் விழும் புள்ளிகள் குறைகின்றனவா, ஆளுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் நிழலாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வேன். கடலுக்கு மேலே வெப்பக் காற்றும் குளிர்காற்றும் அடுக்கடுக்காகப் படியும் மாலைகளில் தொலைதூர நிலையங்களின் அலைகள் வளைந்து வந்து எங்கள் படத்துக்குள் நுழைந்துவிடும். 1987 இல் கொடைக்கானலில் பெரிய ஒளிபரப்பி வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்த உன் சித்தி வீட்டில் தூர்தர்ஷனைச் சுலபமாகப் பார்த்தார்கள். வடக்குக்கு ரூபவாஹினியைக் கொண்டு சேர்த்த கொக்காவில் மறு ஒளிபரப்பு நிலையமோ 1990 இல் போரில் அழிந்தது. அங்கே மறுபடி கோபுரம் எழ 2011 ஆயிற்று. ஒரு பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதை யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதை எங்கள் நாட்டில் போரும் சேர்ந்தே தீர்மானித்தது என்பதை நீ மறந்துவிடக் கூடாது.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியை எடுத்துக்கொள். ஆட்டத்தின் விபரம் உனக்கு மனப்பாடம்: லாகூரில் அவுஸ்திரேலியா 241, எங்களுக்கு 23 ஓட்டங்களில் இரண்டு விக்கெட்டுகள் போய்விட்டன, பிறகு அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107, கடைசியில் ரணதுங்க பந்தைத் தேர்ட் மான் பக்கம் தட்டிவிட்டு அடித்த நான்கு. இவற்றை இணையத்தில் பளிச்சென்ற நிறங்களில் பார்க்கலாம். ஆனால் நாங்கள் அன்று பார்த்தது வேறு. மின்சாரத்தை நம்ப முடியாத காலமாதலால், 12 வோல்ற் மின்கலத்தில் ஓடும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியைத்தான் முன் அறையில் வைத்திருந்தோம். அதில் எங்கள் அணியின் நீலம் கடும் சாம்பலாகவும் அவுஸ்திரேலியாவின் மஞ்சள் ஏறத்தாழ வெள்ளையாகவும் தெரிந்தன. அயல் வீட்டுப் பிள்ளைகள் "கறுப்புச் சட்டை", "வெள்ளைச் சட்டை" என்றே இரண்டு அணிகளையும் அழைத்தார்கள். அந்தத் தொடருக்குச் சில நாட்களுக்கு முன்னர், ஜனவரி 31 இல், கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பு நடந்திருந்தது. அதைக் காரணம் காட்டி அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு ஆட வர மறுத்திருந்தன. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி இருந்த ஊரில், தமிழர்களாகிய நாங்கள் அந்த வெற்றியை எந்த மனதோடு பார்த்தோம் என்று நீ ஒருமுறை கேட்டாய். எங்களைப் போலத் தமிழரான முரளிதரன் பந்துவீச வரும்போது அறை முழுவதும் மௌனமாகிவிடும். அவர் விக்கெட் எடுத்தால், செய்தி கேட்டு அழுதுகொண்டிருந்த வீட்டிலிருந்தும் கைதட்டல் கேட்கும். இதைவிட நேர்மையான விடை என்னிடம் இல்லை.

கசெட்டுகளில் நான் மிகவும் பெறுமதியாகக் கருதுவது, ஓவர்களுக்கு இடையில் வந்த விளம்பரங்களையும் இடைநடுவே வந்த செய்தி அறிக்கைகளையும். அப்பா நாடாவை மிச்சம் பிடிப்பதற்காக விளம்பரம் வந்தவுடன் பதிவை நிறுத்திவிடுவார். அவர் களைத்து உறங்கிப்போன நாட்களின் பதிவுகளில்தான் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு மாவுப் பெட்டி விளம்பரம், அடுத்து அறிவிப்பாளரின் நிதானமான குரலில் தமிழ்ச் செய்தி, அதில் எந்த ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற தகவல், உடனே மறுபடியும் பச்சை மைதானமும் பந்துவீச்சாளரின் ஓட்டமும். அந்த வரிசையை எந்தத் தொகுப்பாளரும் இனிமேல் உருவாக்க முடியாது. அன்றைய வாழ்க்கை அந்த வரிசையிலேயே நடந்தது.

இன்னொன்று. 2000 செப்டம்பர் 28 இல் சிட்னி ஒலிம்பிக்கில் எங்கள் நாட்டு வீராங்கனை சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்த ஓட்டமும் எங்களிடம் இருக்கிறது. அதில் முதலாவதாக வந்த மேரியன் ஜோன்ஸின் பதக்கங்கள் ஊக்கமருந்து விவகாரத்தால் 2007 இல் பறிக்கப்பட்டபின் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்ததால், இன்று எழுதுபவர்கள் எல்லாரும் வெள்ளி என்றே எழுதுகிறார்கள். சரியானதுதான். ஆனால் 1948 ஒலிம்பிக்கில் டங்கன் வைற் பதக்கம் வென்றதற்குப் பிறகு இத்தனை காலம் காத்திருந்த நாடு அன்று மகிழ்ந்தது ஒரு வெண்கலத்துக்காக; வர்ணனையாளர் குரலின் அந்த நடுக்கம் எங்கள் நாடாவில் இருக்கிறது.

நிலையங்கள் தாங்களே வைத்திருக்கும் என்று நீ எண்ணலாம். ஒளிநாடா விலைகூடியதாக இருந்த காலத்தில் உலகத்தின் பெரிய நிலையங்களே பழையதை அழித்துப் புதியதைப் பதிந்தன. அமெரிக்காவில் 1967 இல் நடந்த முதலாவது சூப்பர் போல் என்ற அமெரிக்க உதைபந்தாட்ட இறுதி ஆட்டத்தை இரண்டு நிலையங்கள் ஒளிபரப்பியும் இரண்டிடமும் முழுப் பதிவு மிஞ்சவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பரணிலிருந்துதான், அதுவும் சில பகுதிகள் குறைந்த நிலையில், ஒரு பிரதி வெளிவந்தது. அந்தச் செல்வந்த நாட்டிலேயே அப்படியென்றால், போரும் இடப்பெயர்வும் கண்ட எங்கள் வீடுகளில் மிஞ்சியவற்றை அலட்சியம் செய்யலாமா?

ஆகவே வேலையை இந்த ஒழுங்கில் செய்வோம். முதலில், கலியாண வீட்டு வீடியோக்காரரைப் பிடித்து உங்கள் பாடசாலை எடுப்பித்த இல்ல விளையாட்டுப் போட்டிக் கசெட். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் மைதானத்திலும் எத்தனையோ நல்ல உதைபந்தாட்டங்கள் நடந்தபோதும் தொலைக்காட்சியின் கமரா எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பியதே அரிது; ஒலிபெருக்கியில் தமிழில் வர்ணனையும், பேர் பேராக வீரர்களை அழைக்கும் குரலும் உள்ள அந்த ஒன்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. அதற்குப் பிறகு சுசந்திகா, கடைசியாகக் கிரிக்கெட்.

நீ வரும்போது கசெட் ஓட்டும் நல்ல நிலையிலுள்ள ஒரு டெக்கையும், அதைக் கணினியோடு இணைக்கும் கருவியையும் கொண்டுவா. கடற்காற்று ஈரம் இந்த நாடாக்களுக்குப் பெரிய எதிரி. கசெட்டின் கண்ணாடி வழியே பார்க்கும்போது நாடாவின் விளிம்பில் வெண்பொடி தெரிந்தால் அது பூஞ்சணம். அத்தகையதை டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் அதன் தலையில் ஒட்டி மற்றவற்றுக்கும் பரவும் என்பதால், அவற்றை நான் தனியே பிரித்து வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரக் கசெட்டில் ஒருநாள் போட்டி அடங்காது என்று அப்பா பலவற்றை அரை வேகத்தில் பதிந்திருக்கிறார்; அவற்றில் படம் ஆடினால் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். பிரதி எடுக்கும்போது படத்தை அகலத் திரைக்கு ஏற்றபடி இழுக்காதே, புள்ளிகளைத் துடைக்காதே, விளம்பரம் எதையும் வெட்டாதே. எடுத்தபடியே ஒரு பிரதி இருக்கட்டும். அழகுபடுத்துவதாக இருந்தால் இன்னொரு பிரதியில் செய்துகொள்.

கசெட்டின் முதுகில் அப்பா எழுதிய குறிப்புகள் மங்கிவிட்டன. திகதியையும் எதிரணியையும் நான் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு நினைவில்லாதவற்றை அப்பா சொல்லுகிறார். நீ எந்த மாதம் வருகிறாய் என்பதை முன்கூட்டியே அறிவித்தால், அதற்குள் முடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா