எங்களைப் பார்ட்னர் என்று ஒப்புக்கொள்வதற்கு முன்னால்: தொழிலாளர் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கும், துறையில் ஆய்வாளர்களாக இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கோவையில் வீடு வீடாகப் போய், குடிநீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்கிறவன் நான். ஒரு கம்பெனியில் 9 வருடம் 2 மாதம் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் மீட்டிங் என்று கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார்கள். ஒன்று, சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுகிறேன் என்ற ராஜினாமா. இன்னொன்று ‘சர்வீஸ் பார்ட்னர்’ ஒப்பந்தம். 14 பக்கம், முழுக்க ஆங்கிலம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டால் நாளைக்கும் சர்வீஸ் கால் (வேலை அழைப்பு) வரும், இல்லாவிட்டால் இன்று சாயங்காலமே கம்பெனி ஆப்பில் ஐ.டி. லாக் ஆகிவிடும் என்றார் மேனேஜர். 23 பேர் இருந்தோம். 23 பேரும் போட்டோம். அந்த மாதம் எனக்குப் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் பாக்கி இருந்தது.

அன்றிலிருந்து தாளில் நான் சுயதொழில் செய்கிறவன். வேலையில் என்ன மாறியது என்று பாருங்கள். காலை எட்டரைக்குள் ஆப்பில் செல்ஃபி எடுத்து அட்டெண்டன்ஸ் போட வேண்டும். எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை மணி என்பதெல்லாம் அதிலேதான் வரும். ஃபில்டருக்கும் மெம்பரேனுக்கும் விலை அவர்கள் வைத்தது. பத்து ரூபாய் குறைக்க எனக்கு உரிமை கிடையாது. காய்ச்சல் வந்தால் எனக்குப் பதிலாக என் தம்பியை அனுப்ப முடியாது. வேலை முடிந்து, கஸ்டமர் போனுக்கு வரும் ஓ.டி.பி. நம்பரை வாங்கிப் போட்டால்தான் கால் க்ளோஸ் ஆகும். 30 நாளுக்குள் அதே மெஷின் மறுபடி மக்கர் செய்தால், நான்தான் காசில்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் கம்பெனிக்கு நான் பில் போட வேண்டுமாம். அந்தப் பில்லையும் அவர்களே தயார் செய்து அனுப்புகிறார்கள், நான் ஓகே தட்டுகிறேன். தட்டாவிட்டால் பணம் வராது.

மாறியது வேறு இடத்தில். என் பி.எஃப். கணக்கில் நான் 1,800 ரூபாய் கட்டினால் கம்பெனியும் 1,800 கட்டும், அது நின்றது. ஓய்வூதியத்துக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். எனக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது. 5 வருடம் தாண்டியவன் ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. எனக்கு வர வேண்டிய சுமார் 78,000 ரூபாயைக் கேட்டுக் கேட்டு வாங்க எட்டு மாதம் ஆனது.

என்னை அதிகம் வருத்துவது, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. போனதுதான். 19,500 ரூபாய் சம்பளத்தில் அதற்குப் பிடித்தது மாதம் 147 ரூபாய். என் சின்ன மகள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பிறந்தாள், ஒரு பைசா செலவில்லை. கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருடம் கழித்து, எங்களில் ஒருவர் மாடியில் டேங்க் லைனைப் பார்க்க ஏறியவர் பாசியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஸ்பேனர் பிடிக்கிற கை. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வைத்தியமும் நடந்திருக்கும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைத்திருக்கும். அவர் மனைவியின் வளையலை அடகு வைத்தார். அடுத்த வாரமே, கால் எடுக்கவில்லை என்று அவருடைய ரேட்டிங் இறங்கியது.

யாரிடம் போனாலும் முதலில் கேட்பது ஒன்றே: “நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?” நான் எழுதுவது இதற்காகத்தான். 1973ல் உச்ச நீதிமன்றம் ஒரு தையல் கடை வழக்கில் தீர்ப்புச் சொன்னது, சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. அங்கே தையல்காரர்களுக்குப் பீஸ் கணக்கில் கூலி. வேறு கடைக்கும் தைக்கலாம், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். அப்படியிருந்தும், தைத்தது சரியில்லை என்று திருப்பித் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்ததைப் பார்த்து, அவர்கள் தொழிலாளர்கள்தான் என்றது நீதிமன்றம். அவர்களுக்கு இருந்த சுதந்திரத்தில் பாதிகூட எங்களுக்கு இல்லை.

சம்பள முறையை மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947 தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இருந்தது, புதிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மத்தியானம்.

ஆப் மூலம் வேலை செய்கிற ‘கிக்’ தொழிலாளர்களுக்கு 2023ல் அரசு நல வாரியம் அமைத்தது நல்ல காரியம். அதில் பதிந்துகொள்ளுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். சரி, பதிகிறோம். ஆனால் கம்பெனி கட்ட வேண்டிய பங்கை வாரியம் எப்படிக் கட்டும்? பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் மத்திய அரசின் கையில் என்பதும் தெரியும். உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன். ஒரே கம்பெனியில், ஒரே தேதியில், ஒரே வாசகத்தில் 23 ராஜினாமா இருந்தால் அதை 23 பேரின் சொந்தக் காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகார் வந்தால் ஒப்பந்தத்துக்கு முன்னால் எங்கள் போனை வாங்கிப் பாருங்கள். அட்டெண்டன்ஸ், ரேட்டிங், பிடித்தம் எல்லாம் தேதியோடு அதில் இருக்கிறது.

முடிந்தால் உங்கள் ஆய்வாளர் ஒருவர் ஒரு நாள் என்னோடு வரட்டும். காலை எட்டரைக்குக் கிளம்புவேன். டூல் பையை முன்னால் மாட்டிக்கொள்கிறேன், பின்சீட்டில் அவர் உட்காரலாம்.

இப்படிக்கு,
ஒரு ஆர்.ஓ. டெக்னீஷியன், கோவை