ஒரே கம்பெனியில் இருப்பது பற்றி கயலுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள கயல்,

உன்னோடு சேர்ந்த பிள்ளைகள் மூன்றாவது கம்பெனிக்குத் தாவிவிட்டார்கள். நீ மட்டும் ஏழு வருஷமாக பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் அதே கட்டடத்துக்குப் போய் வருகிறாய். இருக்கலாமா, கிளம்பலாமா என்று கேட்டாய். போனில் பேசினால் அப்பா நடுவில் புகுந்து "நிலையான வேலையை விடாதே" என்று முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காசு. வருஷம் 8 சதவீத உயர்வு மட்டும் என்றால் ஒன்பது வருஷத்தில் சம்பளம் இரண்டு மடங்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறி 30 சதவீதம் வாங்கி, இடைப்பட்ட வருஷங்களில் அதே 8 ஏறினால் மூன்றரை மடங்கு. உள்ளேயே இருந்து மூன்று வருஷத்துக்கு ஒரு பதவி உயர்வும் அதில் 20 சதவீதமும் கிடைத்தால் 2.7 மடங்கு. ஆக, இருப்பவருக்குக் கொஞ்சம் நஷ்டம்தான், அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் மாறுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் 30 கிடைக்கும், ஆட்குறைப்பில் மாட்டி ஆறு மாதம் வீட்டில் உட்கார மாட்டார் என்பதெல்லாம் பேப்பரில் போடும் கணக்கு. என் அளவுகோல் இதுதான்: பதவியும் மாறாமல், செய்கிற வேலையும் மாறாமல் நாலாவது வருஷம் ஓடினால் வெளியே பார்க்க ஆரம்பி.

வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, அதற்காக உட்கார்ந்திருக்காதே. கடைசி மாதச் சம்பளத்தை (அடிப்படைச் சம்பளமான பேசிக்கும் அகவிலைப்படியும்) 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கினால் அந்தத் தொகை. 60,000 ரூபாய்க்கு 20 வருஷம் என்றால் சுமார் 6.92 லட்சம். உச்சவரம்பு 20 லட்சம். நல்ல தொகைதான், ஆனால் இருபது வருஷம் சலித்துக்கொண்டு இருப்பதற்கான கூலி இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மொத்தச் சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டிய பங்கும் சம்பளமாகக் கணக்கில் வரும். பேசிக்கைக் குறைத்து படிகளை ஏற்றிவைத்திருக்கும் கம்பெனிகளில் இது தொகையைக் கூட்டும்.

ஒரே கம்பெனியில் இருப்பது வேறு, ஒரே நாற்காலியில் இருப்பது வேறு. நம் ஓசூர் டைட்டனையே பார். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் ஆரம்பித்தது கைக்கடிகாரத்துக்காக. பிறகு நகை வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது. கம்பெனியே இத்தனை தடவை மாறும்போது நீ மட்டும் ஒரே அப்ளிகேஷனுக்குப் பத்து வருஷம் டிக்கெட் (வரும் புகார்கள்) மூடிக்கொண்டிருந்தால், அது முதல் இரண்டு வருஷ அனுபவத்தின் மறுபதிப்பு. சப்போர்ட்டில் இருந்து டெவலப்மென்ட், அங்கிருந்து டேட்டாபேஸ், பிறகு தொழிற்சாலைத் தளத்து சிஸ்டம் என்று மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை உள்ளேயே நகர். மோகனூர் சந்திரசேகரன் 1987ல் டிசிஎஸ்ஸில் சேர்ந்து 2009ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் என்று அப்பா அடிக்கடி சொல்வார். சரிதான், ஆனால் அந்த நாற்காலி ஒன்றே ஒன்று.

நகர விடாமல் கட்டிப்போடுவது பெரும்பாலும் மேனேஜர் இல்லை. "இது கயலுக்குத்தான் தெரியும்" என்ற பேச்சுதான். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் உனக்குப் பதில் ஆள் இல்லாதவரை உன்னை அங்கிருந்து எடுக்க மாட்டார்கள். உன் சிஸ்டத்தை இரண்டு பேருக்காவது கற்றுக்கொடு. கற்றுக்கொடுப்பதை எழுத்தில் கொடு, அதுவும் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் படித்தாலும் புரிகிற மாதிரி.

ஒரு உதாரணம். மாதக் கடைசி ராத்திரி, பில்லிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆரக்கிள் டேட்டாபேஸ் உறைந்து நிற்கிறது. திரையில் ஓஆர்ஏ-00257 என்ற பிழை எண். முந்தின நாள் பேக்கப் தோற்றிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நடந்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஆர்க்கைவ் லாக் ஃபைல்கள் மாதக் கடைசியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு குவிந்து, அவற்றுக்கென ஒதுக்கிய மீட்புப் பகுதி நிரம்பியிருக்கும். புதுசாக வந்த பையன் பதறிப்போய் ஆர்எம் (ஃபைலை நேரடியாக அழிக்கும் கட்டளை) போட்டு ஃபைல்களை அழிப்பான். டிஸ்க்கில் இடம் காலியாகும், டேட்டாபேஸ் மட்டும் அசையாது. டேட்டாபேஸ் தன் ஃபைல்களுக்குக் கணக்கு வைக்கும் கண்ட்ரோல் ஃபைலில் அந்த லாக்குகள் இன்னும் இருக்கின்றன. அழித்த லாக்குக்கு பேக்கப்பும் இல்லை என்பதால், அன்றைக்கு டிஸ்க் போனால் அந்த இடத்துக்கு மேல் மீட்கவும் முடியாது. சரியான வழி, ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனுக்குள் போய் ஆர்க்கைவ் லாக்கை வேறு இடத்துக்கு பேக்கப் எடுத்து, எடுத்ததை அதன் மூலமாகவே நீக்குவது. அவசரத்துக்கு, டிஸ்க்கில் இடம் இருந்தால் மீட்புப் பகுதியின் அளவைக் கூட்டிவிட்டுப் பிறகு பேக்கப் எடுக்கலாம். நீ எழுதும் குறிப்பில் இந்தப் படிகளுக்கு மேலே, முதல் வரியாக, "ஆர்எம் போடாதே" என்று இருக்க வேண்டும். எதைச் செய்யக் கூடாது என்பதை எழுதாத குறிப்பு பாதிக் குறிப்பு.

அடுத்தது, பழைய சிஸ்டங்கள் காலாவதியாகும் தேதிகள். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. தொழிற்சாலைகளில் மெஷினோடு ஒட்டிக்கொண்டு அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனிகள் கணக்கு வழக்குக்கு வைத்திருக்கும் எஸ்ஏபி இசிசி மென்பொருளின் பிந்தைய பதிப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசி வரை, கூடுதல் காசு கட்டினால் 2030 வரை. பழைய ப்ரோகிராம்கள் நேரத்தை விநாடிகளாக எண்ணும் 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு நிரம்பும், அடுத்த விநாடி 1901க்குத் திரும்பும். அதற்கு நிறைய நாள் இருக்கிறது என்று நினைக்காதே. பதினைந்து வருஷக் கடன் தவணை போடும் ப்ரோகிராம் இப்போதே அந்தத் தேதியைத் தாண்டிவிடுகிறது. நீண்ட நாள் இருப்பவளுக்குத்தான் இவை வருவது முன்கூட்டியே தெரியும். மேனேஜர் கேட்கும் முன்னால் பட்டியலோடு போ.

பழைய சிஸ்டத்தை நிரந்தரமாக அணைக்கும் வேலை வந்தால் கை தூக்கு. யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் எந்த டிபார்ட்மென்ட் எந்த ரிப்போர்ட்டை எதற்கு எடுக்கிறது என்று அதில் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி நாலு வரி எழுதிவை: என்ன கோளாறு, ஏன் வந்தது, என்ன செய்தாய், எவ்வளவு நேரமோ காசோ மிச்சம். மார்ச்சில் அப்ரைசல் ஃபாரம் வரும்போது ஜூனில் செய்தது ஒருத்தருக்கும் நினைவிருக்காது, உனக்கும்தான். ப்ரோகிராம் வரிகளையும் கஸ்டமர் விவரத்தையும் மட்டும் சொந்த போனில் வைக்காதே.

வேலை ஆணை, இன்கிரிமென்ட் லெட்டர், பே ஸ்லிப், வரி பிடித்ததற்கான ஃபாரம் 16 எல்லாவற்றையும் வீட்டு டிஸ்க்கில் சேர்த்துவை. விலகுகிற அன்று போர்ட்டல் மூடிவிடும். குழுமத்தின் வேறு கம்பெனிக்கு மாற்றினால், முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கருதப்படும் என்ற வரி லெட்டரில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடு. ராஜினாமா செய்து புதிதாகச் சேரச் சொன்னால் கிராஜுவிட்டி கணக்கு பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்கும்.

பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் மாதம் 1,250 ஏறுகிறதா என்றும் பார். 2014 செப்டம்பருக்குப் பிறகு, 15,000 ரூபாய்க்கு மேல் பேசிக்கோடு முதன்முதலாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பென்ஷன் திட்டம் கிடையாது. உனக்குத் தவறாக ஏறியிருந்தால் ஹெச்ஆர் மூலமாக இப்போதே திருத்து. பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் பணம் எடுக்கப் போகும்போது அதுதான் இழுக்கும். பார்த்துவிட்டு எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பு.

அம்மா