எடை திரும்பியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை குறித்து உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிகிச்சை முறைகளைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் அறுவைக்குப் பிறகும் எதிர்பார்த்த அளவு எடை குறையாதவர்கள், குறைந்த எடை மீண்டும் ஏறியவர்கள் எல்லோரும் வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்ற பொருள்பட அதன் கடைசிப் பத்தி முடிந்திருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நானும் என் கணவரும் ஒரே மருத்துவரிடம், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் இருவரும் உண்கிறோம். அளந்து போடும் கிண்ணமும் ஒன்றுதான், மாலை நடையும் சேர்ந்துதான். அவருக்கு எடை மளமளவென்று இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றும்விட்டது. எனக்கு அதில் பாதிகூட இறங்கவில்லை. பிறகு கொஞ்சம் ஏறவும் செய்தது. மறுபரிசோதனைக்குப் போனால் அவருக்குப் பாராட்டு, எனக்கு விசாரணை. "யாருக்கும் தெரியாமல் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று உணவு ஆலோசகர் ஒருவர் என் கணவர் முன்னாலேயே கேட்டார். என்னைவிட என் கணவருக்குத்தான் அன்று கோபம் அதிகம்.

எங்கள் வீட்டுக் கதையை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களை ஆராய்ந்த பாஸ்டன் மருத்துவர்கள் 2011இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் என நெருங்கிய இரத்த உறவுள்ள இருவர் சிகிச்சை பெற்றபோது, இருவரின் எடை இழப்பும் ஏறக்குறைய ஒத்திருந்தது. இரத்த உறவின்றி ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இடையிலோ, முன்பின் அறியாத இருவருக்குள் இருக்கும் அளவுக்கு வேறுபாடு இருந்தது. அந்த ஆய்வில் இடம்பெற்ற இணைகள் சிலவே என்பது உண்மைதான். ஆனால் வேறு திசையிலிருந்து வந்த சான்றுகளும் அதையே சொல்கின்றன. கனடாவில் கிளாட் பூஷார் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 12 ஜோடி ஒத்த இரட்டையருக்கு நூறு நாள் காலத்தில் 84 நாள்கள், நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் வெளியான முடிவின்படி, ஒருவருக்கு 4 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோ. அத்தனை பேரும் உண்ட கூடுதல் கலோரி ஒன்றே. ஆனால் ஒரே ஜோடியைச் சேர்ந்த இரட்டையருக்குள் இருந்த வேறுபாடு, ஜோடிகளுக்கு இடையே இருந்ததைவிட வெகுவாகக் குறைவு.

இந்த அறுவை வயிற்றைச் சிறிதாக்குவதோடு நிற்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் குறைகிறது, நிறைவு தரும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. மறுபுறம், கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறைகிறது. கொழுப்புத் திசு சுரக்கும், 1994இல் கண்டறியப்பட்ட ஹார்மோன் அது. அது குறைந்ததும் உடல் பட்டினி கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூளை பசியைக் கூட்டுகிறது, ஆற்றல் செலவைச் சுருக்குகிறது. இந்த இழுபறி எல்லா உடலிலும் ஒரே வலிமையோடு நடப்பதில்லை. அந்த வலிமையில் ஒரு பங்கு பிறப்போடு வருவது. மன உறுதியை மட்டும் அளந்து பார்ப்பவர்களின் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை.

இதைச் சொன்னவுடன் "அப்படியானால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமே" என்று விற்க வருபவர்களையும் பார்த்துவிட்டேன். உடல் பருமனோடு தொடர்புள்ளதாக 2007இல் தெரியவந்த எஃப்டிஓ மரபணுவின் மாறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்குக்கூட, அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அளவுக்கே எடை அதிகம். இப்படிச் சிறிது சிறிதாகப் பங்களிப்பவை நூற்றுக்கணக்கில் உள்ளன. அறுவைக்குப் பின் உங்களுக்கு இத்தனை கிலோ குறையும் என்று சொல்லும் பரிசோதனை இன்று இல்லை. மழலைப் பருவத்திலேயே அடங்காப் பசியும் கடும் பருமனும் தொடங்கியவர்களின் நிலை வேறு. அவர்களில் சிலருக்கு எம்சி4ஆர் போன்ற ஒற்றை மரபணுவின் கோளாறே காரணமாக இருக்கும். அவர்களுக்குப் பரிசோதனை அவசியம். அரிய மரபணுக் குறைபாடுகள் சிலவற்றுக்கு 2020இல் செட்மெலனோடைடு என்ற மருந்தே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

அறுவை வீண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு பலருக்கு எடை ஓரளவு திரும்பியது. அப்படியிருந்தும், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு விகிதம் குறைவாகவே இருந்தது. எனக்கும் இரத்த அழுத்த மாத்திரை குறைந்தது, மூட்டு வலி விலகியது. மறுபரிசோதனை மேசையில் இவற்றைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

நோயாளியைக் குறை சொல்வதால் விளையும் கேடு மனக்காயத்தோடு முடிவதில்லை. என்னோடு சிகிச்சை பெற்ற பெண்மணி ஒருவர், திட்டு வாங்கி அலுத்து, மருத்துவமனைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். இந்த அறுவைக்குப் பின் வைட்டமின் பி12, இரும்புச்சத்து அளவுகளை வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். பாதம் மரத்துப்போன பிறகுதான் அவருக்குப் பி12 குறைபாடு தெரிந்தது.

மருத்துவர்கள் கத்தியை எடுக்கும் முன்பே, பலன் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும் என்பதையும், அதில் பரம்பரைக்கும் பங்குண்டு என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். எடை திரும்பினால் மருந்தோ மாற்று வழியோ தேட வேண்டும். உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: சிகிச்சைக்கு முன், பின் என்று படங்களை அச்சிடும்போது, அதிகம் இளைத்தவரின் படத்தை மட்டும் போடாதீர்கள். என்னைப் போல் நடுவழியில் நின்றவர்களிடமும் பேசி அதே பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி