ஒரு கணினிக்கு நாலு பிள்ளைகள்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடக்கிறார் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம்.

எட்டாம் வகுப்பில் 40 பேர், கணினி 10, எப்படிப் பங்கிடுவது என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு பிள்ளையின் விரலும் கீபோர்டில் எத்தனை நிமிஷம் படுகிறது, அதை மட்டும் கணக்கு வை. 40 நிமிஷப் பீரியடில் உட்கார்ந்து கணினியைத் திறக்கவே 8 நிமிஷம் போய்விடும். மிச்சம் 32. கணினிக்கு நாலு பேர் என்றால் ஆளுக்கு 8 நிமிஷம். அதுவும் தானாகக் கிடைக்காது. வீட்டில் கணினி உள்ளவன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரி. 20 பேர் கணினியில், ஜோடி ஜோடியாக. மற்ற 20 பேர் அதே அறையில் தரையில், அட்டைகளோடு. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளட்டும். கூட்டிக் கழித்தால் சராசரி அதே 8 நிமிஷம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் இரண்டாவது பிள்ளைக்கும் பாடம் ஏறும். மூன்றாவது, நாலாவது பிள்ளைக்குத் திரையே தெரியாது. 8 நிமிஷத்துக்கு ஒரு மணி அடி, இடம் மாறட்டும். வழி சொல்பவர் மவுஸைத் தொடக்கூடாது. நன்றாகத் தெரிந்தவர் முதலில் வழி சொல்லட்டும், தெரியாதவர் தட்டட்டும். இதைத் தலைகீழாக்கினால் முறையே கெட்டுவிடும்.

தரையில் இருப்பவர்களுக்கு, 0, 1 என்ற இரண்டே இலக்கத்தில் கணினி எண்ணை எழுதும் இரும முறைப் பாடம். அட்டைக்குப் பழைய காலண்டர் போதும். ஒரு குழுவுக்கு 5 அட்டை: 16, 8, 4, 2, 1 புள்ளிகள். திறந்த அட்டை 1, கவிழ்த்தது 0. எல்லாம் திறந்தால் 31. அதனால் எந்தப் பிள்ளையின் பிறந்த தேதியும் இதற்குள் அடங்கும். 19ஆம் தேதி என்றால் 16, 2, 1 திறக்கும்: 10011. சிலர் 1 புள்ளி அட்டையை இடது ஓரத்தில் வைப்பார்கள்; ஒன்று, பத்து, நூறு இடமதிப்பை நினைவூட்டினால் சரிசெய்துகொள்வார்கள்.

கணினியில் பைத்தான் நிரல்மொழியை எழுதிப் பார்க்கத் தானி (Thonny) என்ற மென்பொருள் போதும். பைத்தானும் அதனுள்ளேயே வருகிறது, பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம், பிறகு நெட் தேவையில்லை. 'கடலூர்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்கச் சொல். நாம் எண்ணினால் நாலெழுத்து, பைத்தான் 6 என்னும். கணினி எழுத்துகளை எண்களாக வைக்கும் யூனிகோடு முறையில் லூ என்பது ல-வும் ஊகாரக் குறியும், ர் என்பது ர-வும் புள்ளியும். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி அநாதையாய் முன்னால் நிற்கும், ல-வின் குறி ர-வில் ஒட்டி 'ரூ' ஆகிவிடும். எழுத்தைக் கணினி எப்படி வைத்திருக்கிறது என்று புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இங்கிலீஷ் உதாரணத்தில் இது கிடைக்கவே கிடைக்காது! ஒரு எச்சரிக்கை: தமிழ் தட்டியபின் கீபோர்டை இங்கிலீஷுக்கு மாற்ற மறப்பார்கள், கட்டளை பிழை காட்டும்.

உப்புக் காற்று உன் புதுச்சேரிக்கும் உண்டு. கணினி பீப் அடித்துத் திரை வராவிட்டால், பிளக்கைக் கழற்றிவிட்டு ராம் எனும் நினைவகப் பலகையை எடுத்து அதன் தங்க நிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடை. தேதி பழசாகக் காட்டினால் மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியை மாற்று. தேதி தப்பானால் பல இணையதளங்கள் திறக்காது. பிள்ளைகள் 'நெட் போச்சு' என்பார்கள். சிபியூ தரையில் வேண்டாம். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் மழையைப் பார்த்தவள் நீ.

எட்டாம் வகுப்பை விட்டுவிடாதே என்று இவ்வளவு அழுத்தி எழுதக் காரணம் உண்டு. 11-ல் கணினி அறிவியல் எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பாடம். எங்கள் பக்கம் வணிகவியல் பிள்ளைகளுக்குக் கணினிப் பயன்பாடுகள் இருக்கிறது. வேறு பிரிவுக்குப் போகிறவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. உங்கள் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-ல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகும் 11-ல் பிள்ளைகள் பிரியத்தான் போகிறார்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே அறையில் கிடைப்பது இப்போதுதான்.

ஆய்வக நேரத்தைப் பள்ளி விட்டபின் மட்டும் வைக்காதே. பஸ் பிள்ளைகளும், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் அதோடு விடுபட்டுப்போவார்கள். அந்த 40 பேரில் அப்படி எத்தனை பேர் என்று எண்ணி எழுது, நேரப்பட்டியலைச் சேர்ந்து போடுவோம்.

அன்புடன்,
உன் தோழி