ஏரி நீரில் களைக்கொல்லியின் பாதிப்பைச் சிற்றுயிர்களின் குஞ்சுகளை எண்ணி அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அலங்கார மீன் வளர்க்கும் தொழிலாளர்கள்,
கொளத்தூர், சென்னை - 600 099.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை - 600 032.

பொருள்: ரெட்டேரி, கொரட்டூர், மாதவரம் ஏரி நீரில் களைக்கொல்லியால் சிற்றுயிர்களின் இனப்பெருக்கம் பாதிக்கப்படுகிறதா என்று ஆய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் சிமெண்ட் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்த்துப் பிழைப்பவர்கள். முட்டையிலிருந்து வெளிவந்த மீன்குஞ்சுக்கு முதல் சில நாட்கள் உயிருள்ள தீனி வேண்டும். அதற்காகவே ஏரி நீரிலும் வாழும் மொய்னா, டாப்னியா என்னும் மிகச்சிறிய உயிர்களைத் தனித்தொட்டியில் பெருக்குகிறோம். அவை பெருகாவிட்டால் எங்கள் தொழில் மட்டுமல்ல, ஏரியில் பிறக்கும் மீன்குஞ்சுகளும் பட்டினிதான்.

எங்கள் பகுதியில் கால்வாய்க் கரைகளிலும் காலி மனைகளிலும் புல்லை வெட்டுவதற்குப் பதிலாகக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அடுத்த மழையில் அது ஏரிக்குத்தான் போகிறது. அப்படி அடித்த பிறகு எடுத்துவந்த நீரில் டாப்னியா சாகவில்லை. வழக்கம்போலத் துள்ளி நீந்தியது. ஆனால் பெருகவில்லை. அதன் உடல் கண்ணாடிபோலத் தெளிவானது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முதுகு ஓட்டுக்குள் முட்டைகள் திரண்டிருப்பது தெரியும். இந்த நீரில் பல பெண் டாப்னியாக்களின் முதுகு வெறுமையாக இருந்தது. சிலவற்றில் கெட்ட காலத்தைத் தாண்டுவதற்காக அவை இடும் கருத்த உறக்க முட்டைகள் மட்டுமே இருந்தன. தீனிக் குறைவாலும் நெரிசலாலும்கூட இப்படி ஆகலாம் என்பதால், களைக்கொல்லிதான் காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. முறையாக அளந்து சொல்லுங்கள் என்றே கேட்கிறோம்.

48 மணி நேரத்தில் எத்தனை டாப்னியா அசைவற்றுப் போகிறது என்று பார்க்கும் சோதனை இதற்குப் போதாது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத பெண் டாப்னியாக்களைத் தனித்தனிக் குவளையில் விட்டு, 21 நாட்கள் அவை ஈனும் குஞ்சுகளை எண்ணும் முறை ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) என்ற பன்னாட்டு அமைப்பின் 211ஆம் சோதனை வழிகாட்டியில் இருக்கிறது. அந்த முறையையே இந்த ஏரிகளின் நீருக்கும் பயன்படுத்த வேண்டுகிறோம். நம் வெப்பத்துக்குப் பழகிய மொய்னாவையும் சேர்த்துச் சோதித்தால் முடிவு நம் ஏரிகளுக்குப் பொருந்தும்.

இரண்டு விஷயங்களில் தனிக் கவனம் வேண்டும். களைக்கொல்லி பாசியையும் அழிக்கலாம். டாப்னியாவின் முக்கிய உணவே பாசிதான். ஆய்வகத்தில் பாசி ஊட்டி வளர்த்துவிட்டால் அந்த இழப்பு கணக்கில் வராது. ஆகவே ஏரியில் உள்ள பாசியின் அளவையும் உடன் எடுக்க வேண்டும். மேலும், கிளைபோசேட் என்ற வேதிப்பொருள் கொண்ட களைக்கொல்லி மருந்துகள் சிலவற்றில், இலையில் ஒட்டுவதற்காகக் கலக்கும் துணைப்பொருள், நீர்வாழ் உயிர்களுக்குக் கிளைபோசேட்டைவிடக் கொடியது. எனவே தூய வேதிப்பொருளை மட்டும் வைத்துச் சோதிக்காமல், கடையில் விற்கும் மருந்தையே சோதிக்க வேண்டும்.

கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. எங்கள் தெருக்களில் முகமூடிகூட இல்லாமல் கூலியாட்கள் அடிக்கிறார்கள். அவர்கள் உடம்பை நினைத்தாலும் மனம் பதைக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறையும், முதல் பெருமழை முடிந்ததும் ஒருமுறையும் மூன்று ஏரிகளிலும் நீர் எடுத்துச் சோதிக்க ஆணையிடுமாறும், முடிவு வரும்வரை கரையோரங்களில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்குமாறும், முடிவுகளைத் தமிழில் வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சோதனைக்குத் தேவையான மொய்னாவை எங்கள் தொட்டிகளிலிருந்து இலவசமாகத் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொளத்தூர் அலங்கார மீன் வளர்ப்பாளர்கள்