அம்மாவின் கண்ணைக் காத்தவர்களுக்கு நன்றி

முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். அம்மா பீடி சுத்துகிறவர். போன வருசம் வலது கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசி, கையில் இருக்கிற இலையே மங்கலாகிவிட்டது. முதலில் பார்த்த இடத்தில் தந்த சொட்டு மருந்து, போடும்வரை கேட்டது. நிறுத்தினால் பழைய கதைதான்.

திருநெல்வேலியில் வைத்தியம் பார்த்த கண் டாக்டரம்மா, முதல் நன்றி உங்களுக்கு. விழி நடுப்படலத்தில் அழற்சி என்று கண்டதோடு விடாமல், அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடினீர்கள். அம்மாவுக்கு இருமல் கிடையாது, மார்பு எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கிற மாண்டூ ஊசியைக் கையில் போட்டு, மூன்றாம் நாள் அந்தத் தடிப்பை ஸ்கேல் வைத்து அளந்தீர்கள். சி.டி. ஸ்கேனில் நெஞ்சுக்குள் நெறி கட்டியிருந்தது தெரிந்தது. “கண்ணுக்குள்ள இருக்கிற கிருமியை நேரா எடுத்துக் காட்டுறது கஷ்டம். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் காசநோய்னு முடிவு பண்றோம்” என்று மறைக்காமல் சொன்னீர்களே, அதனால்தான் அம்மா உங்களை முழுசாக நம்பினார். அழற்சியை அடக்குகிற ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் நோய் உள்ளே வளரும் என்று, காசநோய் மாத்திரையையும் சேர்த்தே தொடங்கினீர்கள்.

முதல் 2 மாதம் நான்கு மருந்து. அதில் எத்தாம்பூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பையே பாதிக்குமாம். அதற்காக ஒவ்வொரு தடவையும் புள்ளிப் படப் புத்தகத்தை விரித்து, நிறப் புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணை அம்மா வாசிக்கிறவரை பொறுமையாகக் காத்திருந்த ஆஸ்பத்திரித் தங்கச்சிக்கும் நன்றி.

சுகாதார நிலையத்து அண்ணாச்சி, மாத்திரையை இலவசமாக வாங்கித் தந்தீர்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தீர்கள். சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் அம்மா கணக்கில் ஏற நீங்கள் அலைந்ததை மறக்க மாட்டோம். அது முட்டையும் பாலுமாக அம்மாவுக்கே போனது.

எதிர்வீட்டு மதினி, டிபி என்று கேள்விப்பட்டதும் தெருவில் சிலர் எங்கள் வீட்டு நடையை மிதிக்கவில்லை. நுரையீரலில் நோய் இல்லாமல் கண்ணிலும் நெறியிலும் மட்டும் இருந்தால் அது ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னதை நீங்கள்தான் வீடு வீடாகச் சொன்னீர்கள். சொன்னதோடு நில்லாமல், தினமும் முறத்தை எடுத்துவந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தே பீடி சுத்தினீர்கள். அம்மா ஒருநாள்கூட மாத்திரையை விடாததற்கு நீங்களும் காரணம் மதினி.

இப்படிக்கு,
உங்கள் எல்லோருக்கும் கடன்பட்ட மகள்