சென்னைச் சொத்தும் உயிலும்: 213-ஆம் பிரிவு போனபின் என்ன செய்யலாம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்னையில் வீடோ மனையோ வைத்திருக்கும் நம் மலைக் குடும்பங்கள் பலவும் கேட்கும் கேள்வி இது: அப்பா எழுதிவைத்த உயிலுக்கு இனி புரொபேட் வாங்க வேண்டுமா?

கட்டாயமில்லை. உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருவதே புரொபேட். சென்னை மாநகருக்குள் எழுதிய உயிலுக்கும், எங்கே எழுதியிருந்தாலும் அங்குள்ள வீடு மனையைச் சேர்த்த உயிலுக்கும், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு அதை இந்துக்களுக்குக் கட்டாயமாக்கியிருந்தது. மும்பை, கொல்கத்தாவிலும் இதே நிலைதான் இருந்தது. முஸ்லிம்களுக்கு இது பொருந்தியதில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்குக் கிடைத்தது. இந்தப் பாகுபாடான பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சென்னைக்கு வெளியே எழுதி, நீலகிரியிலுள்ள நிலத்தை மட்டும் சொல்லும் உயிலுக்கு முன்பும் இந்தக் கட்டாயம் கிடையாது.

ஆனால் கட்டாயம் போனதே தவிர, புரொபேட் போகவில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் சச்சரவு இருந்தால் வாங்கிவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே மனுப் போட்டவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் வாபஸ் வாங்க வேண்டாம்.

உயில் பெரும்பாலும் அடிபடுவது சாட்சியில். இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்திட்டதைப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே அவர்களும் கையெழுத்திட வேண்டும். பிற்பாடு வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இது பொருந்தும். எழுபது வயதுக்காரருக்கு எழுபது வயது நண்பர்களே சாட்சி போட்டால் பின்னால் யார் வருவார்? வயதில் இளையவராக, பக்கத்தில் குடியிருப்பவராகப் பாருங்கள். சொத்துப் பெறுபவர் சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பங்களில் சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது; உயில் எழுதியபின் திருமணம் செய்தால் அந்த உயிலே ரத்தாகும்.

அடுத்தது சொத்து விவரம். "தேயிலைத் தோட்டம் 2 ஏக்கர் மூத்தவனுக்கு" என்ற ஒரு வரி போதாது. அந்த 2 ஏக்கர் மூன்று உட்பிரிவுகளில் கிடக்கலாம். ஒன்றில் தேயிலை, ஒன்றில் சில்வர் ஓக், ஒன்றில் ஓடைப் புறம்போக்கை ஒட்டிய சரிவு. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், நான்கெல்லை எல்லாம் எழுத வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் கூட்டாக இருந்தால், அப்பா தன் பங்கை மட்டுமே எழுத முடியும். அத்தைமார் பங்கை அவர் உயிலால் தர முடியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்போது அப்பா உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் போன்ற பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு வழக்காற்றைப் பார்த்தே எழுத வேண்டும்.

வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவரே. உரிமை வாரிசுகளுக்கோ உயில்படி பெறுபவருக்கோ போகும். இதை நம்பாமல் வீட்டுக்குள் சண்டை வளர்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

வரும்போது உயிலின் அசல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். புதிதாக உயில் எழுதுவோருக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் விருப்பம்தான்.

அசலை லேமினேட் செய்யாதீர்கள். கையெழுத்தையும் மையையும் பரிசோதிக்க முடியாமல் போகும். நம் மழைக்காலத்து ஈரத்தில் பீரோவிலும் காகிதம் பூஞ்சை பிடிக்கும். அதற்குப் பயந்தால் உறையிலிட்டு, முத்திரை வைத்து, மாவட்டப் பதிவாளரிடமே ஒப்படைத்து வைக்கலாம்.

அன்புடன்,
ஆவண எழுத்தகத்தார்,
கோத்தகிரி